மாருதி 800: ஸ்டீயரிங் வீல் மேலும் கீழும் ஆடுகிறது, ரேக்கை மாற்றச் சொல்கிறார்கள்

28 டிசம்பர் 2023, மாலை (கேள்வி)

என்னிடம் இருப்பது 2004-ஆம் ஆண்டு மாருதி 800. பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். சில மாதங்களாக ஸ்டீயரிங் வீலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் விரல் தடிமனுக்கு ஆடுகிறது. ஹம்ப் ஏறி இறங்கும்போது முன்பக்கத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தமும் வருகிறது. ஒரு கராஜில் ரேக்கை டைட் செய்தால் போதும் என்றார்கள். இன்னொரு கராஜில் ரேக் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். ஸ்டீயரிங்கில் கோளாறு என்றால் அது ரேக்காகத்தான் இருக்கும் என்று எனக்கும் தோன்றுகிறது. பொங்கலுக்குக் குடும்பத்தோடு சேலம் போக வேண்டும். எதைச் செய்வது சரி?

28 டிசம்பர் 2023, இரவு

இப்போதைக்கு ரேக்கைத் தொட வேண்டாம். டைட் செய்யவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம்.

வீல் மேலும் கீழும் ஆடுவதற்கு ரேக் காரணமாக இருக்க முடியாது. ரேக் என்பது வீலின் சுற்றை இடவல நகர்வாக மாற்றி முன் சக்கரங்களைத் திருப்பும் பல் வெட்டிய கம்பி. அது என்ஜினுக்குப் பின்னால், தாழ்வான இடத்தில் கிடக்கிறது. அது தேய்ந்திருந்தால் வீலைச் சுற்றும்போது கொஞ்ச தூரம் வெறுமனே சுற்றும், பள்ளத்தில் தட்டும், வண்டி நேர்கோட்டில் நிற்காமல் அலையும். வீலை மேலே தூக்கவும் கீழே அழுத்தவும் முடிகிறது என்றால், தளர்ந்திருப்பது உங்கள் முழங்காலுக்கு மேலே, டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஸ்டீயரிங் காலம் (column), அதாவது வீலிலிருந்து கீழே இறங்கும் ஷாஃப்ட் என்ற கம்பியும் அதைச் சுற்றியுள்ள குழாயும். ஹம்பில் கேட்கும் தட்டல் அதிலிருந்தும் வரலாம், கீழே வேறோர் இடத்திலிருந்தும் வரலாம். இரண்டு புகாரையும் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னால் கராஜில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதிலைத்தான் சொல்வார்கள், அது பெரும்பாலும் விலை கூடிய பதிலாக இருக்கும்.

‘ஸ்டீயரிங் லூஸ்’ என்று நாம் சொல்வதற்குள் மூன்று வேறு விஷயங்கள் இருக்கின்றன. வீல் தன் இடத்தை விட்டு அசைவது ஒன்று. வீலைத் திருப்பியும் முன் சக்கரம் திரும்பாமல் வீணாகும் சுற்று இரண்டாவது. ஓட்டும்போது வண்டி அலைவது மூன்றாவது. மூன்றாவதற்கு டயரில் காற்று குறைவாக இருப்பதே காரணமாக இருக்கலாம். உங்களுக்கு இவற்றில் எது, எந்த அளவில் இருக்கிறது என்பதை உங்கள் கையாலேயே பார்த்து எழுதுங்கள். எப்படிப் பார்ப்பது என்று நாளை எழுதுகிறேன்.

29 டிசம்பர் 2023, காலை

சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சக்கரங்களை நேராக வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் ஓட வேண்டியதில்லை. சாவியை மட்டும் ஒரு படி திருப்பி வையுங்கள், இல்லையென்றால் ஸ்டீயரிங் லாக் விழுந்து சோதனையைக் குழப்பிவிடும்.

வீலின் உச்சியையும் அடியையும் இரு கைகளால் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். அசைக்கும்போது வீலைப் பார்க்காதீர்கள். வீலுக்குப் பின்னால் சாவித் துளையையும் இண்டிகேட்டர் கைப்பிடியையும் மூடியிருக்கும் பிளாஸ்டிக் கவரைப் பாருங்கள். வீல் அசையும்போது கவரும் கூடவே அசைந்தால், காலத்தை டாஷ்போர்டின் கீழ்ச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன, அல்லது அந்தப் பிடிப்புத் தகடு விரிசல் விட்டிருக்கிறது. கவர் அப்படியே நிற்க, வீல் மட்டும் அசைந்தால், காலத்துக்குள் ஷாஃப்டைத் தாங்கும் மேல் புஷ்ஷோ (வளையம் போன்ற தாங்கி) பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. வீலை ஷாஃப்டோடு பிடிக்கும் நடு நட் தளர்ந்திருந்தாலும் இப்படி ஆடும்.

அடுத்து, வீலை உங்களை நோக்கி இழுத்துப் பின்னால் தள்ளுங்கள். முன்பின்னாக அசைந்தால் வண்டியை எடுக்காதீர்கள். நட் தளர்ந்திருந்தாலும், கீழே ஷாஃப்டை ரேக்கோடு சேர்க்கும் ஜாயிண்டின் இறுக்கும் போல்ட் தளர்ந்திருந்தாலும் இந்த அசைவு வரும். இரண்டில் எது கழன்றாலும் வீல் கையில் இருக்கும், வண்டி வேறு திசையில் போகும்.

கடைசியாக, வீலை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பி, முன் டயர் அசையத் தொடங்கும் வரை வீலின் விளிம்பு எவ்வளவு தூரம் வெறுமனே நகர்கிறது என்று அளந்து பாருங்கள். விளிம்பில் ஒரு சிறிய டேப் துண்டை ஒட்டி, டாஷ்போர்டில் ஒரு ஸ்கேலைச் சாய்த்து வைத்தால் போதும். சுசுகியின் பழைய சிறு கார்களுக்கு 30 மி.மீ. வரை அனுமதி உண்டு. அதற்குள் இருந்தால் ரேக்கின் மேல் யாரும் பழி போட வேண்டியதில்லை.

29 டிசம்பர் 2023, மாலை

ஒன்று விட்டுப்போயிற்று. வீலின் மேல் உறை போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். தளர்ந்த உறை கைக்கடியில் வழுக்கும்போது ஸ்டீயரிங்கே வெறுமனே சுற்றுவதுபோல் இருக்கும். வெளியில் வாங்கிப் பொருத்திய வீலாக இருந்தால், வீலுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே ஓர் இணைப்புத் துண்டு இருக்கும். அதன் சிறு போல்ட்டுகளையும் பார்க்க வேண்டும்.

30 டிசம்பர் 2023

இங்கே ஒருவர் காணொளி ஒன்றைப் பகிர்ந்து, ‘நான்கு போல்ட்டை இறுக்கினால் தீர்ந்துவிடும், இதற்கு இவ்வளவு பேச்சு எதற்கு’ என்று கேட்டிருக்கிறார். அந்தக் காணொளியில் இருப்பது பழைய ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் வந்த, வீலைச் சாய்த்து வைத்துக்கொள்ளும் டில்ட் காலம். அதில் சாயும் பகுதியைப் பிடிக்கும் நான்கு போல்ட்டுகள் தளர்வது அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரிந்த கோளாறு. அவற்றைக் கழற்றவே தனி வகை சாக்கெட் வேண்டும், வீலையும் லாக்கையும் அடுக்கடுக்காகக் கழற்றித்தான் அவற்றை எட்ட முடியும். மாருதி 800-இல் டில்ட் அமைப்பு கிடையாது, ஆகவே அந்த நான்கு போல்ட்டும் கிடையாது. இல்லாத போல்ட்டைத் தேடி யாராவது காலத்தைப் பிரித்துப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அந்த வண்டிகளிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய வேறொரு விஷயம் உண்டு. மோதலில் மடங்கிச் சுருங்கும் காலத்தை ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல் கார்களில் கொண்டு வந்தது. 1968 ஜனவரி முதல் அமெரிக்காவில் அது சட்டமாகவே ஆனது. அதற்கு முன்பெல்லாம் நேருக்கு நேர் மோதினால் ஒரே நீளக் கம்பி ஓட்டுநரின் மார்பை நோக்கி வரும். உங்கள் காலத்தைக் கழற்றி மாட்டும்போது இதை மனதில் வைக்க வேண்டும். ஏன் என்பதை அடுத்த குறிப்பில் சொல்கிறேன்.

31 டிசம்பர் 2023

கேள்வி கேட்டவர் சோதித்துப் பார்த்து எழுதியிருக்கிறார். வீலோடு கவரும் சேர்ந்து ஆடுகிறது, முன்பின் அசைவு இல்லை, விளிம்பில் வெறுஞ்சுற்று 30 மி.மீ.க்குள் இருக்கிறது. கூடவே ஒரு தகவல்: சென்ற கோடையில் ஏசியின் கூலிங் காயிலை மாற்ற டாஷ்போர்டை இறக்கினார்களாம். அதற்குப் பிறகுதான் ஆட்டம் தொடங்கியதா என்று அவருக்கு உறுதியாக நினைவில்லை.

எனக்கு இதுவே பெரிய தடயமாகத் தெரிகிறது. டாஷ்போர்டை இறக்க வேண்டுமென்றால் முதலில் காலத்தின் போல்ட்டுகளைத் தளர்த்திக் காலத்தை இருக்கை மேல் சாய்ப்பார்கள். திரும்ப மாட்டும்போது ஓர் ஆள் தூக்கிப் பிடிக்க வேண்டும், இன்னோர் ஆள் கீழே மல்லாந்து படுத்து இருட்டில் போல்ட்டைத் தேட வேண்டும். மாலை நேரத்தில், அடுத்த வண்டி காத்திருக்கும்போது, கைக்கு எட்டாத ஒரு போல்ட்டைப் போடாமலே விட்டுவிடுவது நடக்கக் கூடியதுதான்.

நீங்களே பார்க்கலாம். ஓட்டுநர் இருக்கையை முடிந்த அளவு பின்னால் தள்ளிவிட்டு, தலையை பெடல்கள் பக்கம் வைத்துப் படுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். காலத்தின் நடுவில் இருபுறமும் விரிந்த ஒரு தகடு இருக்கும், அது டாஷ்போர்டின் குறுக்குச் சட்டத்தோடு போல்ட்டால் இணைந்திருக்கும். தளர்ந்த போல்ட்டைக் கண்டுபிடிக்க ஸ்பானர்கூட வேண்டாம். அதன் தலையைச் சுற்றித் தகட்டில் பெயிண்ட் உரசிப்போய், பிறை வடிவில் வெள்ளையாகப் பளபளக்கும். இறுக்கமாக இருக்கும் போல்ட்டைச் சுற்றித் தூசிதான் படிந்திருக்கும். பெடல் பக்கம், ஷாஃப்ட் வண்டியின் உடலைத் துளைத்து வெளியே போகும் இடத்திலும் ஒரு பிடிப்பு உண்டு, அதையும் பார்க்க வேண்டும்.

நேற்று சொல்ல வந்தது இதுதான். சில வண்டிகளில் அந்தத் தகட்டின் துளை முழு வட்டமாக இல்லாமல் ஓட்டுநர் பக்கம் திறந்த காடியாக இருக்கும். அந்தக் காடிக்குள் பிளாஸ்டிக் ஊசிகளால் பிடிக்கப்பட்ட ஒரு சிறு உலோகத் துண்டு உட்கார்ந்திருக்கும், போல்ட் அதன் வழியாகப் போகும். மோதலில் அந்த ஊசிகள் முறிந்து, தகடு போல்ட்டை விட்டு நழுவி, காலம் சுருங்க வழி விட வேண்டும் என்பதற்காகவே அது அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. ஆட்டத்தை நிறுத்துவதற்காக அந்த இடத்தில் வெல்டிங் வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆட்டம் கண்டிப்பாக நிற்கும். ஆனால் 1967-க்கு முந்தைய கம்பியை உங்கள் மார்புக்கு நேரே நிறுத்தியதாகிவிடும். யார் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் காலத்தின் பிடிப்பில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். துண்டு உடைந்திருந்தால் காலத்தையே மாற்றுவதுதான் சரியான வழி.

2 ஜனவரி 2024

எதிர்பார்த்ததுதான். ஒரு பக்கத்து போல்ட்டே இல்லை, மறுபக்கத்துப் போல்ட்டைக் கையாலேயே சுற்ற முடிந்தது என்கிறார். விரிசல் எதுவும் இல்லை.

காணாமல்போன போல்ட்டுக்குப் பதில் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஏதாவது ஒன்றைப் போடலாமா என்று கேட்கிறார். கூடாது. போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். சாதாரணக் கடைப் போல்ட்டில் ஒன்றுமே பொறித்திருக்காது, அல்லது 4.6 என்றிருக்கும். 4.6 போல்ட்டின் இழுவலிமை 400 மெகாபாஸ்கல், 8.8-இன் இழுவலிமை 800. விட்டமும் மரையின் இடைவெளியும் மறுபக்கத்துப் போல்ட்டோடு பொருந்த வேண்டும். அதைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு, வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோடுக்குப் போனால் அதே போல்ட்டைக் கேட்டு வாங்கலாம். முதல் சில சுற்றுகளை விரலால் மட்டுமே ஏற்றுங்கள். கோணலாக ஏறிய போல்ட்டை ஸ்பானரால் கட்டாயப்படுத்தினால் சட்டத்தில் வெல்டு செய்திருக்கும் நட்டின் மரை போய்விடும், பிறகு அது பெரிய வேலையாகிவிடும். இரண்டு பக்கமும் விரலால் ஏற்றிய பிறகு, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இவை சிறிய போல்ட்டுகள், உடல் பலம் முழுவதையும் இவற்றின் மேல் போட வேண்டாம்.

2 ஜனவரி 2024, இரவு

போல்ட் போட்டாயிற்று, பெரிய ஆட்டம் நின்றுவிட்டது, ஆனால் கவர் அசையாமல் வீல் மட்டும் இன்னும் நூலளவு ஆடுகிறது என்று எழுதியிருக்கிறார். அது மேல் புஷ்.

2010 ஏப்ரலில் பெங்களூரு உட்பட 13 நகரங்களில் பி.எஸ். 4 என்ற புகை மாசு விதி நடைமுறைக்கு வந்தபோது மாருதி 800-இன் விற்பனை இந்த ஊரில் நின்றுவிட்டது. ஆகவே இங்கே புதிதாகப் பதிவான 800 எதுவுமே 13 வயதுக்குக் குறைந்ததாக இருக்க முடியாது. உங்களுடையதற்கு இருபது வயது ஆகப்போகிறது. அத்தனை ஆண்டு வெயிலில் நின்ற வண்டியில் புஷ் காய்ந்து தேய்ந்துபோவதும், உள்ளே இருந்த கிரீஸ் மெழுகாகக் காய்ந்துபோவதும் இயல்பே. வண்டிக்குள் ஏறும்போதும் இறங்கும்போதும் வீலைப் பற்றி உடலைத் தூக்கும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் தேய்மானம் இன்னும் சீக்கிரம் வரும். என் தந்தைக்கு முழங்கால் வலி வந்த பிறகு எங்கள் 800-இல் அப்படித்தான் ஆயிற்று. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதவுப் பக்கம் ஒரு கைப்பிடி வாங்கிப் பொருத்தினோம், அதற்குப் பிறகு போட்ட புஷ் இன்றும் கெட்டியாக இருக்கிறது.

அந்த முதல் பழுதுக்கு நாங்கள் போன கராஜில் சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, புஷ்ஷுக்கும் குழாய்க்கும் நடுவே சுற்றி அடைத்துக் கொடுத்தார்கள். சில வாரங்கள் நன்றாகவே இருந்தது. பிறகு வெயில் காலத்தில் ரப்பர் இளகி ஷாஃப்டில் ஒட்டிக்கொண்டது. திருப்பத்தில் வீலை விட்டால் தானாகத் திரும்பி வர வேண்டியது, பாதியில் நின்றது. தளர்ந்த ஸ்டீயரிங்கைவிட ஒட்டிக்கொள்ளும் ஸ்டீயரிங் மோசமானது என்று அன்று தெரிந்துகொண்டேன். புஷ் தனியாகக் கிடைத்தால் புஷ்ஷை மாற்றுங்கள், கிடைக்காவிட்டால் நல்ல நிலையில் இருக்கும் காலம் ஒன்றைத் தேடுங்கள். டியூப், பிளாஸ்டிக் தாள், குளிர்பானத் தகரம் எதுவும் வேண்டாம்.

3 ஜனவரி 2024

வீலைக் கழற்றப் போகிறவர்களுக்கு: பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிடுங்கள். நடு நட்டைத் தளர்த்தியதும், ஷாஃப்டின் முனையிலும் வீலின் நடுப்பகுதியிலும் நேர்கோட்டில் ஒரு பெயிண்ட் புள்ளி வையுங்கள். உள்ளே வீலும் ஷாஃப்டும் ஒன்றையொன்று கவ்வும் ஸ்ப்லைன் பற்கள் இருக்கின்றன. ஒரு பல் தள்ளி மாட்டினாலும் நேர்ச் சாலையில் வீல் கோணலாக நிற்கும், இண்டிகேட்டரும் சரியாகத் திரும்பி வராது. நட்டை முழுவதும் கழற்றாமல் நுனியில் சில சுற்று விட்டுவைத்துக்கொண்டே வீலை இழுங்கள். சட்டென்று விடுபட்டால் வீல் உங்கள் முகத்தில் அடிக்காமல் அந்த நட் தடுக்கும். சுத்தியலால் ஷாஃப்ட் முனையில் அடிக்கவே கூடாது. சுருங்கும் வகைக் காலமாக இருந்தால் அந்த அடியிலேயே உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பூட்டுகள் முறிந்துபோகலாம்.

ஏர்பேக் உள்ள வண்டிக்காரர்கள் இந்தக் குறிப்பைப் பார்த்து வேலையில் இறங்க வேண்டாம். அது தனிப் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை.

4 ஜனவரி 2024

இப்போது ஹம்பில் கேட்கும் தட்டல். காலம் கெட்டியான பிறகும் அது தொடர்கிறது என்கிறார். ஆகவே கீழே இறங்கிப் போகிறோம்.

இதற்குக் கண்ணைவிட விரல் நல்ல கருவி. வண்டி தரையில் நிற்கட்டும், ஜாக்கி வேண்டாம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து வீலை இடமும் வலமும் கொஞ்சமாக, வெறுஞ்சுற்று எல்லைக்குள் மட்டும், விடாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் பெடல்களுக்கு அருகே, ஷாஃப்டின் ஜாயிண்டில் கை வையுங்கள். கட்டைவிரல் ஜாயிண்டின் மேல்பாதியில் இருக்கட்டும், ஆள்காட்டி விரல் கீழ்ப்பாதியில் இருக்கட்டும். ஜாயிண்ட் நன்றாக இருந்தால் இரண்டு விரல்களும் ஒரே நேரத்தில் நகரும். தேய்ந்திருந்தால் முதலில் கட்டைவிரல் நகரும், ஒரு நொடித் துணுக்கு கழித்து ஆள்காட்டி விரலில் ‘டிக்’ என்று தட்டும். அந்தத் தட்டு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் தேய்மானம். இதே முறையில் ஜாயிண்டிலிருந்து ரேக்கின் பினியனுக்கு (ரேக்கைத் தள்ளும் சிறு பற்சக்கரம்), பினியனிலிருந்து ரேக் எண்டுக்கு (ரேக்கின் கோடியில் டை ராட் கம்பி சேரும் மூட்டு), அங்கிருந்து டை ராட் எண்டுக்கு (அந்தக் கம்பி சக்கரப் பக்கம் சேரும் மூட்டு) என்று ஒவ்வோர் இணைப்பாக விரலை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். சிவாஜிநகரில் ஒரு மூத்த மேஸ்திரி வண்டிக்கடியில் படுத்துக் கண்களை மூடிக்கொண்டு இதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றேன். எந்தக் கருவியும் எடுக்காமல், எழுந்து வந்து ‘இடது ரேக் எண்ட்’ என்று மட்டும் சொன்னார். பிரித்துப் பார்த்தபோது அதுவேதான்.

ஜாயிண்டின் நடுவே சிலுவை வடிவில் இருக்கும் கிராஸ் தேய்ந்தால் அதன் மூடிகளைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் மெல்லிய துருத்தூள் படியும். விரலால் தொட்டால் மாவுபோல் ஒட்டும். அதைக் கண்டால் ஜாயிண்டை மாற்றிவிடுங்கள்.

ஜாயிண்டை மாற்றும்போது ஒரு விஷயம் உயிர் காக்கும். ஷாஃப்டின் முனையில் ஸ்ப்லைன் பற்களுக்குக் குறுக்கே ஒரு காடி வெட்டியிருப்பார்கள். இறுக்கும் போல்ட் அந்தக் காடியின் வழியாகப் போக வேண்டும். ஜாயிண்டை முழு ஆழத்துக்கு ஏற்றாவிட்டால் போல்ட் காடியில் உட்காராது. அப்போது சுத்தியலால் அடித்துப் போல்ட்டைத் திணிக்க நினைப்பவர் ஆபத்தை உருவாக்குகிறார். போல்ட் கையாலேயே நழுவி உள்ளே போனால் மட்டுமே ஜாயிண்ட் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

5 ஜனவரி 2024

ரேக்கை டைட் செய்வதைப் பற்றி. கேட்டவர் மட்டுமல்ல, இன்னும் பலர் இதே யோசனையைச் சொல்லியிருப்பதால் விரிவாக எழுதுகிறேன்.

ரேக்கின் முதுகில் ஒரு துண்டு ஸ்பிரிங்கால் அழுத்திக்கொண்டிருக்கும். ரேக்கின் பற்களும் பினியனின் பற்களும் விலகாமல் இருக்க அது உதவுகிறது. வெளியே ஒரு ஸ்குரூவும் லாக் நட்டும் இருக்கும். அந்த ஸ்குரூவை உள்ளே ஏற்றுவதைத்தான் ‘ரேக் டைட்’ என்கிறார்கள். வீலில் ஆட்டம் குறையும், வாடிக்கையாளர் திருப்தியாகப் போவார், வேலையும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆனால் ரேக் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது, ஆகவே நடுப் பற்களே அதிகம் தேய்கின்றன, இரு ஓரங்களிலும் பற்கள் ஏறக்குறையப் புதிதாகவே இருக்கின்றன. நடுவில் ஆட்டம் போகும் அளவுக்கு ஸ்குரூவை இறுக்கினால், முழுத் திருப்பத்தில் தேயாத பற்கள் வந்து நெரியும். திருப்பத்திலிருந்து வீல் தானாக நேராகாது, கையால் இழுத்து வர வேண்டியிருக்கும். நகரத்துக்குள் மெதுவாகப் போகும்போது இது பெரிதாகத் தெரியாது. நெடுஞ்சாலையில் ஒரு லாரியைத் தாண்டி வண்டியைச் சீக்கிரம் நேராக்க வேண்டிய நேரத்தில் தெரியும். ரேக்கைச் சரிசெய்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. தேய்மானம் அங்கேதான் என்று விரல் சோதனையில் உறுதியான பிறகு, கையேடு சொல்லும் முறைப்படி, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை வீல் எங்கும் பிடிக்காமல் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். வேறெங்கோ உள்ள ஆட்டத்தை மறைப்பதற்காக அதைச் செய்யக் கூடாது.

5 ஜனவரி 2024, இரவு

நேற்றைய குறிப்பை மறுபடி படித்தபோது, ரேக் எண்டுக்குப் போகும் முன் இரண்டு இடங்களை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஒன்று, ரேக்கின் உறையை வண்டியின் உடலோடு பிடிக்கும் கிளாம்புகளும் அவற்றின் ரப்பரும். ரப்பர் தேய்ந்தால் வீலைத் திருப்பும்போது ரேக் முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டுத்தான் சக்கரத்தைத் தள்ளும். கண்ணாலேயே பார்க்கலாம்.

இரண்டாவது, நம் வலப்பக்க ஸ்டீயரிங் வண்டிகளில் பினியன் வலது பக்கம் இருக்கிறது. இடது கோடியில் ரேக்கைத் தாங்குவது ஒரு நைலான் புஷ் மட்டுமே. அது தேய்ந்தால் சிறு மேடு பள்ளத்தில் ரேக் உறைக்குள் மேலும் கீழும் மோதித் தட்டும், ஆனால் வெறுஞ்சுற்று அதிகம் தெரியாது. கேட்டவர் சொல்லும் அறிகுறி இதோடு பொருந்துகிறது. இடது பக்க ரப்பர் உறையை இரு விரலால் அழுத்தி, உள்ளே இருக்கும் கம்பியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அந்த உறை கிழிந்து மண் புகுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

6 ஜனவரி 2024

சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கும் சோதனை: ஜாக்கியில் தூக்கியதும் கீழே ஸ்டாண்டு கொடுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் கூடாது. சக்கரத்தின் இடது, வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டும்போது அசைந்தால் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட். உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டும்போது அசைந்தால் சக்கரத்தின் பேரிங் அல்லது சக்கரத்தைக் கீழ் ஆர்மோடு இணைக்கும் பால் ஜாயிண்ட். அப்போது ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயிண்ட். கீழ் ஆர்மின் பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடிந்துவிடும், ஆகவே அதில் சிறிய ஆட்டம் இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

8 ஜனவரி 2024

இடது புஷ்தான். உறையும் கிழிந்திருந்தது. டை ராட் எண்டுகளில் ஆட்டம் இல்லை. ரேக்கைப் பிரித்து புஷ்ஷையும் இரண்டு உறைகளையும் மாற்றி, புதுக் கிரீஸ் வைக்கச் சொல்லியிருக்கிறார். முழு ரேக் வேண்டாமா என்று மறுபடி கேட்கிறார். ரேக்கின் பற்களில் துருக்குழி இருந்தாலோ, கம்பி வளைந்திருந்தாலோ மட்டும் மாற்றுங்கள். பிரித்த பிறகு கம்பியைத் துடைத்து, சமமான கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.

800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது என்றாலும், ஓடிய வண்டிகள் ஏராளம் என்பதால் ஜே.சி. ரோட்டில் சிறு பாகங்களைத் தேடிப் பிடித்துவிடலாம். போலிப் பாகங்களும் அங்கேயே இருக்கின்றன. பழைய புஷ்ஷைக் கையோடு எடுத்துப் போய், அதைப் புதியதோடு பக்கத்தில் வைத்துச் சுவரின் தடிமனையும் உள் விட்டத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள். உறையின் மடிப்புகளை இழுத்துப் பாருங்கள். மடிப்பின் உட்பக்கம் இப்போதே வெடிப்புக் கோடு தெரிந்தால் அது கடையிலேயே வயதாகிப்போன ரப்பர்.

10 ஜனவரி 2024

வேலை முடிந்தது, தட்டல் போய்விட்டது, ஆனால் வீல் இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது, அலைன்மெண்ட் கடையில் வீலைக் கழற்றி நேராக மாட்டித் தருவதாகச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்.

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீல் நேராக இருக்கும்போது ரேக்கும் சரியாக நடுவில் இருக்க வேண்டும். பெரும்பாலும் இருபுறமும் டை ராடின் நீளம் சமமில்லாமல் இருப்பதால்தான் சாய்வு வந்திருக்கும். வீலை மட்டும் கழற்றி மாட்டினால் பார்வைக்கு நேராகும், ரேக்கோ ஒரு பக்கம் தள்ளியே நிற்கும். இடது திருப்பமும் வலது திருப்பமும் ஒரே அளவாக இருக்காது. முதலில் வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றி, மொத்தச் சுற்றில் பாதியில் நிறுத்தி ரேக்கை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த நிலையில் வீல் நேராக நின்றால் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, இரண்டு டை ராடையும் திருகி டோ அளவை (மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்ய வேண்டும். நேராக நிற்காவிட்டால் மட்டும் நம்முடைய பெயிண்ட் புள்ளியைப் பார்த்து வீல் பல் தவறி மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். முடிந்ததும் டை ராடின் லாக் நட்டுகளை இறுக்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

11 ஜனவரி 2024

ஹூண்டாய் வைத்திருக்கும் இருவர் தங்களுக்கும் ‘டிக் டிக்’ என்று வருகிறது என்று எழுதியிருக்கிறார்கள். காலத்தின் மேலேயே மின்மோட்டார் வைத்த ஸ்டீயரிங் கொண்ட ஹூண்டாய் மாடல்கள் பலவற்றில், மோட்டாருக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவே நட்சத்திர வடிவில் ஒரு சிறு ரப்பர்த் துண்டு இருக்கிறது. அது பொடிந்தால் வீலைச் சிறிதாகத் திருப்பும்போதெல்லாம் சொடுக்குப்போல் சத்தம் வரும். துண்டின் விலை குறைவுதான், அதை எட்டுவதற்கான வேலைதான் அதிகம். காலத்தை இறக்கும்போது முன் சக்கரங்களை நேராக வைத்து, வீல் தானாகச் சுற்றாதபடி கட்டிவைக்க வேண்டும். இல்லையென்றால் ஏர்பேக்கின் சுருள் ஒயர் அறுந்துவிடும்.

12 ஜனவரி 2024

சேலம் பயணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு முன் ஓசூர் வரை ஒருவராகப் போய் வாருங்கள். நல்ல சாலையில், போக்குவரத்து குறைந்த இடத்தில், கையை இலேசாக வைத்துக்கொண்டு வண்டி நேராகப் போகிறதா என்று பாருங்கள். மெதுவான வேகத்தில் ஒரு திருப்பம் எடுத்து, பிடியைத் தளர்த்தினால் வீல் தானாக நேராக வர வேண்டும். வராவிட்டால் ரேக்கின் ஸ்குரூவை யாரோ தொட்டிருக்கிறார்கள்.

திரும்பி வந்து, வண்டி ஆறிய பிறகு, காலத்தின் போல்ட்டுகள், ஜாயிண்டின் இறுக்கும் போல்ட், ரேக் கிளாம்ப், டை ராட் லாக் நட் இவற்றின் மேல் மறுபடி ஸ்பானர் வையுங்கள். ஒவ்வொன்றிலும் போல்ட் தலையிலிருந்து தகடு வரை ஒரே கோடாகப் பெயிண்ட் இழுத்து வையுங்கள். கோடு பிரிந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தாலே தெரியும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் குடும்பத்தோடு போகலாம். தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது லாரிகளுக்கு நிறைய இடம் விட்டு, குறைந்த கியரில் இறங்குங்கள். அந்தச் சரிவில் ஸ்டீயரிங் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் முன்னால் போகும் லாரியின் பிரேக் நம் கையில் இல்லை.

19 ஜனவரி 2024

போய் வந்துவிட்டார்கள். பெயிண்ட் கோடுகள் எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன, ஜாயிண்ட் போல்ட்டில் மட்டும் இலேசாகப் பிரிந்திருப்பதுபோல் தெரிகிறது என்று படம் அனுப்பியிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு உண்மையாகவே விலகியிருக்கிறது. அந்தப் போல்ட்டை மறுபடி இறுக்கி மட்டும் விட்டுவிடாதீர்கள். கழற்றி, காடியில் முழுமையாக உட்கார்ந்திருந்ததா என்று பார்த்து, புதுப் போல்ட்டும் புது ஸ்பிரிங் வாஷரும் போட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் (torque wrench) கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம். பழைய போல்ட்டின் மரையைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.